086 போய் 087 வந்தது: பழைய விஎம்சி, யுஎஸ்பி லேப்டாப், நடுவில் ஒரு 25 பின் கேபிள்

கணபதி_பட்டறை | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கங்க. கோயம்புத்தூர் கணபதியில சின்னதா ஜாப் ஒர்க் பட்டறை வச்சிருக்கேன். போன வருஷம் செகண்ட் ஹேண்டுல ஒரு விஎம்சி (புரோகிராம் படி கட்டர் சுத்தி உலோகத்தைச் செதுக்கற மெஷின்) எடுத்தேன், அதை ஓட்டற கன்ட்ரோல் ஃபானக் 0-எம். மெஷின் அருமையா ஓடுது. மெமரி மட்டும் 80 மீட்டர்தான். அதனால டை, மோல்டு வேலை வந்தா கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் வழியா ஊட்டிக்கிட்டே ஓட்டணும். அதுக்குன்னு ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்துச்சு, போன மாசம் அதோட மதர்போர்டு போயிருச்சு.

இப்ப லேப்டாப்புல யுஎஸ்பி டு சீரியல் கன்வெர்ட்டர் மாட்டியிருக்கேன். முதல்ல 2, 3, கிரவுண்டுன்னு மூணு ஒயர் மட்டும் வச்சு கேபிள் போட்டேன். ரீட் குடுத்த உடனே 086 அலாரம், டிஆர் சிக்னல் ஆஃப். தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்தேன், அவர் வேற கேபிள் போட்டு 4-5 சேர்த்து, 6-8-20 சேர்த்துக் குடுத்தார். 086 போயிருச்சு. சின்ன புரோகிராம் எல்லாம் ஏறுது. பெரிய புரோகிராம் டேப் மோடுல (கேபிள்ல வர வர ஓட்டறது) ஓட விட்டா கொஞ்ச நேரத்துல 087, பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது வர்ற எழுத்தைத் தாங்கி வைக்கற இடம் நிரம்பி வழியுது. நேத்து மூணாவது தடவை அது வந்தப்ப கட்டர் ஜாப் மேலயே நின்னுருச்சு, கேவிட்டியில (மோல்டோட குழி) விழுந்த கோடு பாலிஷ்லயும் போகல.

ஜம்பர் போட்டது தப்பா? கேபிளையே மாத்தணுமா, இல்ல வேற ஏதாவதா? 14 லட்சம் எழுத்து இருக்கற புரோகிராம் ஒண்ணு சனிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்.


சால்டர்_வாசம் | செவ்வாய், இரவு 10:05

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். அந்த 25 பின்ல 25-ஆவது பின்னுக்கு ஒயர் போயிருக்கான்னு முதல்ல பாருங்க. ஃபானக் அந்தப் பின்ல 24 வோல்ட் வெளிய குடுக்கும். பழைய டேப் ரீடருக்குன்னு வச்ச சப்ளை அது. 25 கோர் ரெடிமேட் கேபிளை வெட்டி யாராவது 9 பின் வச்சிருந்தா அந்த ஒயர் அங்கயும் வந்து உக்காந்திருக்கும். மெஷினை ஆஃப் பண்ணி, கேபிளைக் கழட்டி, ஹுட்டைத் திறந்து பார்த்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் லேப்டாப்புல மாட்டாதீங்க.

அதோட சாஃப்ட்வேர்ல என்ன செட்டிங் இருக்கு? பாட் ரேட் (வேகம்), பேரிட்டி (ஒண்ணுகளை எண்ணிப் பிழை பார்க்கற பிட்), ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் (நிறுத்து, தொடர்னு சொல்ற முறை) நாலும் வேணும்.


கணபதி_பட்டறை | செவ்வாய், இரவு 11:20

அண்ணா, கும்பிடறேன். நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்குது. 25 பின் பக்கம் அச்சுல வார்த்த பிளக், அதைத் திறக்க முடியாது. 9 பின் பக்கம் ஹுட்டைத் திறந்தா வெட்டுன ஒயர் எல்லாம் ஒரு கொத்தா மடிஞ்சு கிடக்குது. அதுல ஒண்ணு, வெள்ளையில சிவப்புக் கோடு போட்டது, நுனி சீவி இன்சுலேஷன் இல்லாம, 9-ஆவது பின்னோட சால்டர் கப்பை ஒட்டி நிக்குது. கேபிளை மெஷின் பக்கம் மட்டும் மாட்டி மீட்டர் வச்சுப் பார்த்தேன்: 24.1 வோல்ட். இன்னும் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தா கன்வெர்ட்டரும் லேப்டாப்பும் சேர்ந்தே போயிருக்கும்.

செட்டிங்: 9600, 7 பிட், ஈவன், 2 ஸ்டாப். ஃப்ளோ கன்ட்ரோல் ஹார்டுவேர்னு வச்சிருக்கேன்.


ஓய்வுபெற்ற_ஒயர்மேன் | புதன், காலை 6:15

அந்தக் கேபிளைக் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள் தம்பி. திரும்ப எடுத்து யாரும் மாட்டிவிடக் கூடாது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் எந்திரங்களின் மின் பராமரிப்பில் இருந்தவன். இந்த 086-ஐ எத்தனை பட்டறையில் ஜம்பர் போட்டு அடக்கியிருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த அலாரம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். ஃபானக் புத்தகத்தில் சிக்னல்களுக்கு வேறு பெயர் இருக்கும். எஸ்டி என்றால் அனுப்பும் தரவு, ஆர்டி பெறும் தரவு. ஆர்எஸ், சிஎஸ் இரண்டும் நாம் சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ்: அனுப்ப அனுமதி கேட்பதும் கொடுப்பதும். ஈஆர் என்பது டிடிஆர், "நான் தயார்" என்று வெளியே சொல்வது; டிஆர் என்பது டிஎஸ்ஆர், எதிர்ப்பக்கம் தயாரா என்று பார்ப்பது. அதாவது, எந்திரம் தன் 6-ஆம் பின்னைப் பார்த்து "எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறாரா?" என்று கேட்கிறது. அங்கே பாசிட்டிவ் வோல்டேஜ் இல்லாவிட்டால் 086.

இப்போது 6-ஐயும் 20-ஐயும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? எந்திரம் தானே வெளியே விடும் ஈஆர் வோல்டேஜ் திரும்பி அதன் டிஆர்-க்கே வருகிறது. "ஆள் இருக்கிறாரா?" என்ற கேள்விக்குத் தன் குரலையே பதிலாகக் கேட்டுக்கொள்கிறது. லேப்டாப் தூங்கிப் போனாலும், கன்வெர்ட்டர் பிளக் உருவி விழுந்தாலும் அது "இருக்கிறார்" என்றே நம்பும். அலாரம் வராது, எந்திரம் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். ஆப்பரேட்டர் குழம்பிப் போவார்.

அடுத்தது வயரிங். எந்திரமும் டிடிஇ (மோடத்தோடு பேசும் முனைக் கருவி), கம்ப்யூட்டரும் டிடிஇ. மோடம் நடுவில் இல்லாததால் குறுக்கே மாற்றித்தான் கட்ட வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது, பலரும் விழுவது. 25 பின்னில் 2 அனுப்பும், 3 பெறும். 1984-இல் ஐபிஎம் பிசி ஏடி-யோடு 9 பின் வந்தபோது அது தலைகீழானது: 2 பெறும், 3 அனுப்பும். ஆகவே 25-க்கும் 9-க்கும் நடுவில் 2-2, 3-3 என்று நேராகக் கட்டினாலே அது குறுக்குக் கேபிள். எண் நேராக இருக்கிறதே என்று மாற்றிக் கட்டினால் இரண்டு வாயும் மோதிக்கொள்ளும், இரண்டு காதும் சும்மா இருக்கும்.

முழுக் கேபிள் இப்படி. இடது பக்கம் எந்திரத்தின் 25 பின், வலது பக்கம் கம்ப்யூட்டரின் 9 பின்:

2 (எஸ்டி) → 2
3 (ஆர்டி) ← 3
4 (ஆர்எஸ்) → 8
5 (சிஎஸ்) ← 7
6, 8 இரண்டும் சேர்த்து (டிஆர், சிடி) ← 4
20 (ஈஆர்) → 6, 1 இரண்டும் சேர்த்து
7 — 5 கிரவுண்டு
25: ஒயரே வேண்டாம். முடிந்தால் அந்தப் பின்னையே பிடுங்கிவிடுங்கள்.

ஷீல்டு போட்ட 8 கோர் கேபிள் வாங்குங்கள். ஷீல்டை எந்திரத்தின் பக்கம் மட்டும் பாடியில் பிடியுங்கள். ஸ்பிண்டில் டிரைவ் கேபிளோடு சேர்த்து ஒரே டக்ட்டில் விடாதீர்கள். நீளம் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். 1969-இல் வந்த ஆர்எஸ்-232-சி சொன்ன 50 அடிக் கணக்கு அது. பின்னால் வந்த தரநிலை நீளத்துக்குப் பதிலாகக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் 2500 பைக்கோஃபாரடைத் தாண்டக் கூடாது என்றது. நல்ல கேபிளாக இருந்தால் 15-ஐத் தாண்டியும் ஓடும், ஆனால் பட்டறைக்குள் அந்த ஆசை வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் மீட்டரால் ஒரு சோதனை. இரண்டு பக்கமும் கேபிள் இல்லாமல், கறுப்பு முனையைச் சிக்னல் கிரவுண்டில் வையுங்கள். 25 பின்னில் அது 7, 9 பின்னில் 5. சிவப்பு முனையை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வையுங்கள். எதில் மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வரை காட்டுகிறதோ அதுதான் அந்தப் பக்கத்தின் வாய். மற்றது பூஜ்யத்தின் அருகே நிற்கும், அது காது. தரவு ஒயர் சும்மா இருக்கும்போது மைனஸ். கைகுலுக்கும் ஒயர்கள் எதிர்மாறு: பாசிட்டிவ் இருந்தால் "சரி", மைனஸ் என்றால் "இல்லை". பிளஸ் 3-க்கும் மைனஸ் 3-க்கும் நடுவில் எதுவும் பேச்சே இல்லை. அங்கே ஒரு சிக்னல் நின்றால் கேபிளிலோ டிரைவர் சில்லிலோ பழுது.


இறுதியாண்டு_ஈசிஇ | புதன், காலை 8:50

ஐயா, ஒரு சந்தேகம். ஆர்டிஎஸ் என்றால் "அனுப்ப அனுமதி கேட்கிறேன்" என்றுதானே பொருள்? ஆனால் எங்கள் லேபில் மைக்ரோகன்ட்ரோலர் கோடில் ஆர்டிஎஸ்-ஐ "என் பஃபரில் இடம் இருக்கிறது, நீ அனுப்பு" என்று பயன்படுத்துகிறோம். இரண்டும் நேர்மாறாக இருக்கிறதே?


ஓய்வுபெற்ற_ஒயர்மேன் | புதன், காலை 9:30

சரியாகப் பிடித்தீர்கள். முதலில் இருந்தது ஒரே நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் மோடம். கம்ப்யூட்டர் பேச விரும்பினால் ஆர்டிஎஸ்-ஐ ஏற்றும். மோடம் தன் கேரியரைத் (தரவைச் சுமக்கும் ஒலி) தொலைபேசிக் கம்பியில் ஏற்றி, அது நிலைப்பட்ட பிறகு சிடிஎஸ்-ஐ ஏற்றி "ம், பேசு" என்று சொல்லும். கேள்வியும் பதிலும் ஒரே ஆளின் பேச்சைப் பற்றியவை. எதிர்த்திசையில் "நிறுத்து" என்று சொல்ல அதில் வழியே இல்லை.

பிறகு இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசும் மோடம் வந்தது, அனுமதி கேட்கும் தேவை போனது. சும்மா கிடந்த ஒயரை எல்லாரும் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்: என் ஆர்டிஎஸ் உன் சிடிஎஸ்-க்கு வரும், அதை நான் இறக்கினால் நீ நிறுத்து. பெயர் பழையது, வேலை புதியது. ஒரு கருவியைக் கட்டும்போது அது ஆர்டிஎஸ்-ஐ எந்தப் பொருளில் ஆட்டுகிறது என்று பார்க்காமல் கட்டுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. கணபதித் தம்பியின் சிக்கலும் அங்கேதான் போய் நிற்கும் என்று நினைக்கிறேன்.


கணபதி_பட்டறை | புதன், இரவு 10:10

ஐயா சொன்ன மாதிரியே கேபிள் புதுசாப் போட்டேன். காந்திபுரத்துல 8 கோர் ஷீல்டு கேபிள் கிடைச்சுது. சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு கப்பா ஈயம் வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பஸ்ஸர் வச்சு ரெண்டு தடவை பார்த்தேன். 25-ஆவது பின்னைப் பிடுங்கிட்டேன்.

மீட்டர்ல கன்வெர்ட்டர் பக்கம் 3-ல மைனஸ் 5.6, மெஷின் பக்கம் 2-ல மைனஸ் 11. சரியா வந்துச்சு. லேப்டாப்புல போர்ட்டைத் திறந்தா 086 இல்ல. மூடிட்டு ரீட் குடுத்தா 086 வருது. அதைப் பார்த்தப்ப சந்தோஷமா இருந்துச்சு, அலாரம் உண்மையைச் சொல்லுதுன்னு.

ஆனா 087 இன்னும் வருதுங்க. ஏழு ஒயரும் சரியா இருக்கு, ஹார்டுவேர் ஹேண்ட்ஷேக்னு வச்சிருக்கேன், அப்பறமும் ஏன்?


பைட்_கணக்கு | புதன், இரவு 11:45

நீங்கள் காவல் நிற்கிற வாசல் வேறு, அவர் வந்து கூப்பிடுகிற வாசல் வேறு. அதனால்தான்.

இந்தக் கன்ட்ரோல் புரோகிராமைப் படிக்கும்போது ஆர்எஸ்-ஐ முழு நேரமும் ஏற்றியே வைத்திருக்கும். பஃபர் நிறைந்தால் அதை இறக்காது. அதற்குப் பதிலாக எஸ்டி ஒயரில் ஓர் எழுத்தை அனுப்பும்: டிசி3, எண் 19. இடம் கிடைத்ததும் டிசி1, எண் 17. இதைத்தான் கம்ப்யூட்டர் பக்கம் எக்ஸ்ஆஃப், எக்ஸ்ஆன் என்கிறார்கள். உங்கள் லேப்டாப் ஹார்டுவேர் என்று வைத்ததால் சிடிஎஸ் ஒயரை மட்டும் பார்க்கிறது. அது எப்போதும் பாசிட்டிவ். "நிறுத்து" என்ற எழுத்து வந்தும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் தொடர்ந்து கொட்டுகிறது. ஒயர்மேன் ஐயா சொன்ன "எந்தப் பொருளில் ஆட்டுகிறது" என்பது இதுதான். ஒயர்கள் இங்கே "ஆள் இருக்கிறார்" என்று சொல்ல, எழுத்துகள் "நிறுத்து, தொடர்" என்று சொல்ல. கேபிள் முழுதாக இருக்கட்டும், சாஃப்ட்வேரில் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் வையுங்கள்.

அது போதுமா? யுஎஸ்பி-யில் போதாமல் போகலாம். 087-இன் விளக்கத்தைப் புத்தகத்தில் படித்துப் பாருங்கள்: நிறுத்தச் சொன்ன பிறகும் 10 எழுத்துக்குள் நிற்காவிட்டால் இந்த அலாரம். அந்த 10-தான் எல்லாவற்றுக்கும் சாவி.

ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட் 1, தரவு 7, பேரிட்டி 1, ஸ்டாப் 2, ஆக 11 பிட். 9600-ஐ 11-ஆல் வகுத்தால் நொடிக்கு 872 எழுத்து. 10 எழுத்து போக 11 மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதற்குள் டிசி3 கன்வெர்ட்டருக்குள் வந்து, யுஎஸ்பி வழியே லேப்டாப்புக்குப் போய், டிரைவர் அதைப் பார்த்து, அனுப்புவதை நிறுத்த வேண்டும். பல கன்வெர்ட்டர்கள் ஒற்றை எழுத்து வந்தால் உடனே அனுப்பாது, இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்து சேர்த்து அனுப்பும். எஃப்டிடிஐ நிறுவனச் சில்லின் டிரைவரில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 16 மில்லி விநாடி. அதற்குள் 14 எழுத்து போய்விடும். அதோடு, டிரைவர் ஏற்கெனவே கன்வெர்ட்டருக்குள் தள்ளிவிட்ட எழுத்துகளும் பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே எக்ஸ்ஆஃப்-ஐ சில்லே கவனித்து, சில்லே நிறுத்தும் கன்வெர்ட்டர் வேண்டும். எஃப்டிடிஐ எஃப்டி232 வகையில் அந்த வசதி உண்டு. அப்படி நடக்கும்போது 16 மில்லி விநாடி ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் டிசி3 லேப்டாப் வரை போக வேண்டியதே இல்லை. சாஃப்ட்வேர் தானே 19-ஐப் பார்த்து நிறுத்தும் வகையாக இருந்தால் அந்த வசதி வீணாகிவிடும், ஆகவே விண்டோஸ் போர்ட்டின் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப்-ஐப் பயன்படுத்தும் சாஃப்ட்வேரா என்று பாருங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் இருந்தது 16550 வகைச் சீரியல் சில்லு உள்ள போர்ட்டாக இருக்கும். அதிலும் இதே கதை சிறிய அளவில் உண்டு. அனுப்பும் பக்கம் 16 எழுத்து வரிசை. டிசி3 வந்த நேரத்தில் அதில் 16-ம் நிறைந்திருந்தால் 10-ஐத் தாண்டிவிடும். பெறும் பக்கம் 14 எழுத்து சேர்ந்தால் சொல்லு என்று வைத்திருந்தால், தனியாக வந்த ஒரு டிசி3 நான்கு எழுத்து நேரம் சும்மா காத்திருந்த பிறகுதான் இன்டரப்ட் எழுப்பும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் இரண்டு ஸ்லைடர் இருக்கும், இரண்டையும் 1-க்கு இழுத்துவிடுங்கள். முன்பு உங்களுக்கு அதைச் செய்து கொடுத்தவர் விஷயம் தெரிந்தவர்.

ஒரு சிறு செய்தி, ஈசிஇ மாணவருக்காக. மெமரியை ஏன் மீட்டரில் சொல்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். காகித நாடாவில் அங்குலத்துக்கு 10 எழுத்து. 80 மீட்டர் நாடாவில் ஏறக்குறைய 31,500 எழுத்து. கணபதியின் 14 லட்சம் எழுத்தை நாடாவில் துளைத்தால் மூன்றரை கிலோமீட்டர் நீளும்.


ஓசூர்_மெயின்டனன்ஸ் | வியாழன், காலை 7:20

நான் கொஞ்சம் மாறுபடறேன். எங்க பிளான்ட்ல பதினஞ்சு வருஷமா ஜம்பர் கேபிள்தான். 4-5, 6-8-20. நல்லாத்தான் ஓடுது. 087 வந்தா 4800-க்கு இறக்கிடுவோம், போயிடும். ஏழு ஒயர் போட்டு இத்தனை கணக்கு எல்லாம் எதுக்கு?


பைட்_கணக்கு | வியாழன், காலை 9:05

உங்க அனுபவம் உண்மைதாங்க. 4800-இல் நொடிக்கு 436 எழுத்து. அந்த 16 மில்லி விநாடியில் 7 எழுத்துதான் போகும், 10-க்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் போய்விடுகிறது. லேத் வேலைக்கோ துளை போடும் புரோகிராமுக்கோ அது போதும்.

மோல்டு வேலைக்கு என்ன ஆகும்? ஒரு வரி சராசரி 22 எழுத்து என்று வையுங்கள். 9600-இல் நொடிக்கு 40 வரி. ஒவ்வொரு வரியும் 0.2 மில்லிமீட்டர் நகர்வு என்றால் நொடிக்கு 8 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 480. புரோகிராமில் நீங்கள் நிமிடத்துக்கு 1000 மில்லிமீட்டர் வேகம் போட்டாலும் அதற்கு மேல் போகாது. 4800-இல் அது 240 ஆகிவிடும். எந்திரம் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரி வரும் வரை நிற்கும், மறுபடி நகரும், மறுபடி நிற்கும். அந்த ஒவ்வொரு நிற்றலும் கேவிட்டியில் ஒரு தழும்பு. வளைவான முகத்தில் விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும். கணபதிக்குத் தேவை 9600-ஐ விடாமல் 087-ஐ நிறுத்துவது.


ஓய்வுபெற்ற_ஒயர்மேன் | வியாழன், காலை 9:40

ஓசூர்த் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் சரியாக வேலை செய்தால் ஜம்பர் கேபிளிலும் தரவு ஒழுங்காகப் போகும். 087-க்குக் காரணம் ஜம்பர் இல்லை. முழுக் கேபிளால் கிடைப்பது இரண்டு. லேப்டாப் போய்விட்டால் 086 வந்து சொல்லும். எந்திரத்திலிருந்து புரோகிராமை வெளியே எடுக்கும்போது கம்ப்யூட்டர் தன் ஆர்டிஎஸ்-ஐ இறக்கி எந்திரத்தை நிறுத்தவும் முடியும், அப்போது சிஎஸ் ஒயர் உண்மையிலேயே வேலை செய்கிறது. இரவு ஷிஃப்டில் ஆளில்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு முதல் காரணம் ஒன்றே போதும்.


அம்பத்தூர்_டிஎன்சி | வியாழன், மதியம் 1:30

எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் வச்சும் 087 வந்தா இதையும் பாருங்க. நான் ரெண்டு நாள் தூங்காம அலைஞ்ச கதை.

எங்ககிட்ட இருந்த பழைய சாஃப்ட்வேர் புரோகிராமை ஐஎஸ்ஓ கோடா தானே மாத்தி, பேரிட்டியையும் எட்டாவது பிட்ல தானே போட்டு அனுப்பும். அதுக்காகப் போர்ட்டை 8 பிட், பேரிட்டி இல்லைன்னு வச்சிருந்தாங்க. மெஷினுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, எல்லா எழுத்தும் சரியாப் போய்ச் சேரும். புரோகிராம் ஓட ஆரம்பிக்கும், ஆனா நிறுத்தச் சொன்னா மட்டும் நிக்காது.

கடைசியில மெஷின் பக்கம் இருந்து வர்றதை எண்ணாக் காட்டுற டெர்மினல்ல பார்த்தேன். முதல்ல 17 வந்துச்சு, சரி. அப்பறம் 19 வரணும். வந்தது 147.

17-ஐ பைனரியில எழுதினா ரெண்டு ஒண்ணு, இரட்டைப்படை, பேரிட்டி பிட் பூஜ்யம், 17 அப்படியே வரும். 19-ல மூணு ஒண்ணு. ஈவன் பேரிட்டிக்காக எட்டாவது பிட்டும் ஒண்ணாகுது, 128 கூடி 147. போர்ட்டு 8 பிட்டா இருந்ததால அந்தப் பேரிட்டியைக் கழிக்காம முழுசா எடுத்துக்குது. டிரைவர் 19-க்குக் காத்துக்கிட்டு இருக்கு, 147 வந்தா அதுக்கு ஒண்ணும் புரியாது. "ஆரம்பி" மட்டும் புரியும், "நிறுத்து" புரியாது. போர்ட்டை 7 ஈவன்னு மாத்தி, சாஃப்ட்வேர்ல அந்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். அன்னைக்கோட சரி.


பில்_கவுண்டர்_மதுரை | வியாழன், மாலை 4:00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கடையில் 25 பின் சீரியல் பில் பிரிண்டர். நீளமான பில் வந்தால் நடுவில் நாலைந்து வரி காணாமல் போகிறது. ஒயர்மேன் ஐயா கொடுத்த கேபிளே இதற்கும் ஆகுமா?


சால்டர்_வாசம் | வியாழன், மாலை 5:15

கிட்டத்தட்ட ஆகும், ஒரு மாற்றத்தோட. பில் பிரிண்டர்ல பெரும்பாலும் "நிறுத்து"ன்னு சொல்றது அதோட டிடிஆர், 20-ஆவது பின். பஃபர் நிறைஞ்சாலும், பேப்பர் தீர்ந்தாலும், மூடியைத் திறந்தாலும் அதை இறக்கும். விண்டோஸ்ல ஹார்டுவேர்னு வச்சா பார்க்கறது சிடிஎஸ்-ஐ. அதனால 20-ஐக் கம்ப்யூட்டர் பக்கம் 6-க்கும் 8-க்கும் ரெண்டுக்கும் குடுங்க, 4-ல இருந்து 8-க்குப் போற ஒயரை எடுத்துடுங்க. உங்க கேபிள்ல 7-8 ஜம்பர் இருக்கும்னு நினைக்கிறேன், வரி காணாமப் போறது அதனாலதான். பிரிண்டர் அடியில இருக்கற டிப் சுவிட்ச்ல எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் இல்லாம டிடிஆர்னு இருக்கான்னும் பாருங்க.

தமிழ்ல பில் அடிக்கறீங்கன்னா படமாத்தான் போகும். 80 மில்லிமீட்டர் பேப்பர்ல ஒரு புள்ளி வரிசைக்கு 72 பைட், 9600-ல நொடிக்கு 13 வரிசைதான். பிரிண்டர் எடுத்துக்கிட்டா வேகத்தையும் ஏத்திடுங்க.


கணபதி_பட்டறை | வெள்ளி, இரவு 11:50

எழுதறதுக்கு லேட் ஆயிருச்சு, மெஷின் பக்கத்துலயே இருந்தேன்.

முதல்ல பழைய கன்வெர்ட்டர்லயே எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் மாத்திப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஓடி 087. அம்பத்தூர் அண்ணன் சொன்னதைப் பார்த்தேன், மெஷின்ல இருந்து 17-ம் 19-ம் தான் வருது, 147 இல்ல. அப்ப கன்வெர்ட்டர்தான்னு தெளிவாச்சு. பக்கத்துப் பட்டறையில எஃப்டிடிஐ சில்லு போட்ட கேபிள் இருந்துச்சு, ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். 9600, 7, ஈவன், 2, எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப், ஏழு ஒயர் கேபிள். காலையில 11 மணிக்கு ஸ்டார்ட் பண்ணேன். முதல்ல ஜாப்பே இல்லாம இசட்டை 50 மில்லிமீட்டர் மேல தூக்கி ஒரு மணி நேரம் காத்துல ஓட விட்டேன். நிக்கல. அப்பறம் பிளாக்கை ஏத்தினேன்.

கன்வெர்ட்டர்ல ரெண்டு சின்ன லைட் இருக்குது. அனுப்பற லைட் கொஞ்ச நேரம் விடாம எரியும், பெறுற லைட் ஒரு தடவை கண் சிமிட்டும், உடனே அனுப்பற லைட் அணைஞ்சிரும். கொஞ்சம் கழிச்சு இன்னொரு சிமிட்டு, மறுபடி எரியும். டிசி3, டிசி1, டிசி3, டிசி1. ரெண்டு நாளா நீங்க எழுதினதைக் கண்ணால பார்த்துக்கிட்டே டீ குடிச்சேன். சாயங்காலம் ஏழு மணிக்கு முடிஞ்சுது. ஒரு அலாரம் கூட இல்ல. முகத்துல விரல் வச்சுப் பார்த்தேன், கோடு இல்ல.

ஒரே ஒரு விஷயம். லேப்டாப் சார்ஜர் மாட்டியிருக்கும்போது 9 பின்னோட இரும்பு ஓடு மேல கை பட்டா லேசா ஜிவ்வுன்னு இருக்குது. இதுனால போர்ட்டுக்கு ஏதாவது ஆகுமா?


ஓய்வுபெற்ற_ஒயர்மேன் | சனி, காலை 5:50

ஆகும். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இரண்டு பின் சார்ஜர் என்று நினைக்கிறேன். எர்த் இல்லாத சார்ஜரில் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியே கசிவு வந்து லேப்டாப்பின் கிரவுண்டு எர்த்திலிருந்து சில பத்து வோல்ட் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவுதான், ஆனால் கேபிளை மாட்டும் கணத்தில் கிரவுண்டு பின்னுக்கு முன் தரவுப் பின் தொட்டுவிட்டால் அந்த மிதப்பு முழுவதும் டிரைவர் சில்லு வழியே இறங்கும். எந்திரத்தின் போர்டில் அந்தச் சில்லு போனால் தேடி மாற்றுவது பெரிய வேலை.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மீட்டரை ஏசி-யில் வைத்து, கேபிள் மாட்டாமல், 9 பின்னின் ஓட்டுக்கும் எந்திரத்தின் பாடிக்கும் நடுவில் பாருங்கள். ஒரு சில வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எந்திரத்தையும் ஆஃப் செய்துவிட்டு, கேபிளை மாட்டித் திருகை இறுக்குங்கள், பிறகு சார்ஜரைப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டுவதும் கழற்றுவதும் கூடாது. லேப்டாப் சாக்கெட்டும் எந்திரத்தின் எர்த்தும் ஒரே எர்த் குழியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். காசு கிடைத்ததும் யுஎஸ்பி பக்கம் ஓர் ஐசொலேட்டர் (தரவை விட்டு மின் இணைப்பைத் துண்டித்து வைப்பது) வாங்கி நடுவில் போடுங்கள். ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பி-க்கான ஐசொலேட்டரே இந்த வேலைக்குப் போதும்.


கணபதி_பட்டறை | சனி, காலை 8:20

பார்த்தேன் ஐயா, 64 வோல்ட் காட்டுது. சார்ஜரைக் கழட்டினா பூஜ்யம். ஐசொலேட்டருக்கு இப்பவே சொல்லிட்டேன். அதுவரைக்கும் நீங்க சொன்ன வரிசையை ஒரு அட்டையில எழுதி கேபிள் ஹுட்டுல கட்டித் தொங்க விட்டிருக்கேன், ஆப்பரேட்டர் தம்பியும் படிச்சுட்டுதான் மாட்டணும். அட்டையோட பின்பக்கம் ஏழு ஒயரோட பின் நம்பர், கடைசி வரியில "25-ல ஒயர் கிடையாது".

ஜாப் இப்பத்தான் வண்டியில ஏறுச்சு.